அந்த 20 ஆண்டு எந்த 20 ஆண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டிக்காரி. 1998-இல் கல்யாணமாகி அமெரிக்கா வந்தேன். டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரத்தில் இருக்கிறோம். நடுவில் ரியோ கிராண்டே ஆறு, அக்கரையில் ஹுவாரெஸ் நகரம். ராத்திரி எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அந்த ஊர் விளக்குகள் தெரியும். காலையில் எழுந்ததும் உங்கள் நாளிதழைக் கைபேசியில் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து, நாடு கடத்தல் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. எழுதத்தான் வேண்டும். ஆனால் உங்கள் இதழில் அண்மையில் வந்த ஒரு செய்தியில், "இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைந்தால் 20 ஆண்டு சிறை" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் அப்பா கோவில்பட்டியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஏறக்குறைய அதே வேலையைத்தான் 2006-இலிருந்து நான் இங்கே செய்கிறேன். எங்கள் வக்கீல் அம்மாவுக்கு வருகிற வழக்குகளில் பாதிக்கு மேல், காசு கொடுத்து வக்கீல் வைக்க முடியாதவர்களுக்காக நீதிமன்றமே ஒப்படைப்பவை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே சட்டப் பிரிவின் கீழ் வருபவை. 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திலிருந்து வந்த அந்தப் பிரிவைச் சட்டத் தொகுப்பின் எண்ணை வைத்து 1326 என்போம். நாடு கடத்தப்பட்டவர் அனுமதி வாங்காமல் திரும்பி வந்தால் இந்தப் பிரிவு. எங்கள் அலுவலகத்தில் யாராவது 'இன்று மூன்று பதிமூன்று இருபத்தாறு' என்றால், அப்படி மூன்று பேர் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் அந்த 20-ஐப் பிரித்துவிடுகிறேன். இங்கே இரண்டு 20 இருக்கிறது. ஒன்று, திரும்பி வருவதற்கான தடைக்காலம். நாடு கடத்தப்பட்டவர் இத்தனை ஆண்டு விசா கேட்டு வரக்கூடாது என்று 5 ஆண்டு, 10 ஆண்டு, இரண்டாம் முறை கடத்தப்பட்டவருக்கு 20 ஆண்டு என்று போடுவார்கள். கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுக்கத் தடை. இது சிறை இல்லை. நாடு கடத்தப்படுபவர் கையில் கொடுக்கும் காகிதத்தில் இந்தத் தடைக்காலத்தைக் குறித்திருப்பார்கள். மற்றொன்று, 1326-இல் உள்ள அதிகபட்சச் சிறைத் தண்டனை. அது எல்லோருக்கும் 20 கிடையாது. மறுபடி வந்தவர் மேல் பழைய வழக்கு எதுவும் இல்லையென்றால் உச்சவரம்பு 2 ஆண்டு. நாடு கடத்தப்படுவதற்கு முன் ஃபெலனி என்கிற பெரிய குற்றம் ஏதாவது ஒன்றில் தண்டனை ஆகியிருந்தால், அல்லது போதைப்பொருள், அடிதடி போன்றவற்றில் மூன்று சிறு தண்டனைகள் இருந்தால் 10 ஆண்டு. 'அக்ரவேட்டட் ஃபெலனி' என்று குடியேற்றச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிற குற்றங்களில் ஒன்று இருந்தால் மட்டும்தான் 20.

அதாவது மூன்று பேர் ஒரே நாளில், ஒரே இடத்தில் ஆற்றைக் கடந்து ஒரே ரோந்து வண்டியில் பிடிபட்டிருப்பார்கள். மூவரும் செய்த குற்றம் ஒன்று. ஒருவருக்கு வரம்பு 2, அடுத்தவருக்கு 10, மூன்றாமவருக்கு 20. வித்தியாசம் முழுக்கப் பழைய காகிதத்தில் இருக்கிறது.

அந்தக் காகிதத்தைத் தேடிப் போவதுதான் என் வேலை. மாநில நீதிமன்றத்தின் பதிவறை ஜன்னலில் வழக்கு எண்ணைச் சொன்னால் கோப்பை எடுத்துத் தருவார்கள். பழைய கோப்புகளில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துக் காகிதத்தில் செம்மண் நிறத்தில் கறையாகியிருக்கும். தீர்ப்பு, குற்றப்பத்திரிகை, குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாள் மூன்றுக்கும் முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டு வருவேன். அந்தக் கையெழுத்து பெரும்பாலும் ஓர் இளைஞனுடையது. 22, 23 வயதில், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று போட்டது.

2011-இல் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். கூரை வேய்கிற தொழிலாளி. சின்ன வயதிலேயே அம்மாவோடு இந்தப் பக்கம் வந்து கிரீன் கார்டும் வாங்கியவர். 2003-இல் தெரிந்தவர் வீட்டுக்குள் புகுந்து தொலைக்காட்சிப் பெட்டியை எடுத்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இல்லை, 5 ஆண்டு புரொபேஷன், அதாவது சிறைத் தண்டனையை நிறுத்திவைத்துக் கண்காணிப்பில் வெளியே விடுவது, என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டார். ஒரு நாள்கூடச் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை. ஆனால் குடியேற்றச் சட்டம் நிறுத்திவைத்த தண்டனையையும் தண்டனைக் காலமாகவே எண்ணும். திருட்டு, வீடு புகுதல் போன்றவை 'அக்ரவேட்டட் ஃபெலனி' ஆவதற்கு 5 ஆண்டாக இருந்த தண்டனை அளவை 1996-இல் 1 ஆண்டாகக் குறைத்தார்கள். அதனால் ஜெயிலையே பார்க்காத அந்த ஆள் 'அக்ரவேட்டட் ஃபெலனி' செய்தவர் ஆனார். கிரீன் கார்டு போயிற்று. 2004-இல் பாலத்தின் மேல் நடக்கவிட்டு அக்கரைக்கு அனுப்பினார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இக்கரையில். சில மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார். ஏழு ஆண்டு யார் கண்ணிலும் படாமல் வேலை செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கடைசியில் வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தியதில் பிடிபட்டார்.

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று நானும் நீதிமன்றத்தில் இருந்தேன். இடுப்பில் ஒரு சங்கிலி, காலில் ஒரு சங்கிலி. காதில் மொழிபெயர்ப்புக் கருவி. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் கோர்ட் ஆங்கிலம் அவருக்குப் பயம். நீதிபதி சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார்: இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 20 ஆண்டு, புரிகிறதா? 'வெய்ந்தே ஆன்யோஸ்' என்று காதில் ஸ்பானிஷில் விழுந்ததும் காலை ஒரு எட்டு பின்னால் வைத்தார். சங்கிலி தரையில் இழுபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எங்கள் வக்கீல் அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அது உச்சவரம்புதான், அவ்வளவு வராது என்று ஏற்கெனவே சொன்னதையே காதோரம் மறுபடி சொன்னார். உங்கள் செய்தியில் 20 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சங்கிலிச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

உச்சவரம்பு ஒன்று, உண்மையில் விழுகிற தண்டனை வேறு. நடுவில் தண்டனை வழிகாட்டி என்று ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. 2005-க்குப் பிறகு அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எல்லோரும் அங்கேதான் கணக்கைத் தொடங்குவார்கள். திரும்பி வந்த குற்றத்துக்கு ஆரம்பம் 8 லெவல்; லெவல் ஏற ஏறச் சிறை மாதமும் ஏறும். அப்போதைய விதிப்படி, பழைய வழக்கு வன்முறைக் குற்றம் என்ற வகையில் விழுந்தால் ஒரேயடியாக 16 லெவல் ஏறும். குடியிருக்கும் வீட்டுக்குள் திருடப் புகுந்ததும் அந்த வகைதான். அவர் யாரையும் தொடவில்லை, வீட்டில் ஆளே இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. 8-உம் 16-உம் 24. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு 3 கழித்து 21. அவருடைய பழைய குற்றப் பதிவையும் சேர்த்துப் பார்த்தால் 41 முதல் 51 மாதம். 41 மாதம் கொடுத்தார்கள்.

தீர்ப்புக்கு முன் நான் அவருடைய பழைய குற்றப்பத்திரிகையை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. டெக்சாஸ் சட்டத்தில் அந்தக் குற்றம் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதப்பட்டிருக்கிறது. திருடும் எண்ணத்தோடு உள்ளே புகுந்தது ஒரு வகை. புகுந்த பிறகு திருடியது இன்னொரு வகை. முதலாவதுதான் 16 லெவலுக்குச் சரியாகப் பொருந்தும், இரண்டாவது பொருந்தாது என்று எங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து வாதாட முடிந்தது. ஆக, 2003-இல் யாரோ ஒரு தட்டச்சர் எந்த வாசகத்தை அடித்தார் என்பதில் ஒரு மனிதனின் ஆண்டுக்கணக்கு தொங்கிக்கொண்டிருந்தது. 'எண்ணத்தோடு' என்ற சொல் அங்கே இருந்தது.

இனி இன்னொருவர். 2018-இல் வந்தார், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர். அவர் கோப்பை விரித்தபோது பழைய கோப்பையே மறுபடி பார்ப்பது போல இருந்தது. வீடு புகுந்த வழக்கு, 2006. புரொபேஷன் 5 ஆண்டு. 2007-இல் நாடு கடத்தல். 2008-இல் திரும்பினார், பத்து ஆண்டு கழித்துப் பிடிபட்டார். நீதிபதி அவருக்கும் உச்சவரம்பு 20 என்றுதான் சொன்னார். ஆனால் அதற்குள் வழிகாட்டி மாறிவிட்டது. 2016 நவம்பர் 1-லிருந்து, பழைய குற்றத்துக்கு என்ன பெயர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்கு எவ்வளவு சிறை கிடைத்தது என்று பார்க்கிறார்கள். 5 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 10 லெவல், 2 ஆண்டுக்கு 8, 13 மாதத்துக்கு மேல் என்றால் 6, மற்ற ஃபெலனிக்கு 4. புரொபேஷன் மட்டும் கிடைத்தவருக்கு ஏறியது 4 லெவல். அவருக்குக் கணக்கு 8 முதல் 14 மாதம் வரை வந்தது. 10 மாதம் கொடுத்தார்கள்.

இருவர் செய்ததும் ஒன்று, பழைய வழக்கும் ஒன்று. ஒருவருக்கு 41 மாதம், ஒருவருக்கு 10 மாதம். 2016 திருத்தத்தை முன்தேதியிட்டு யாருக்கும் கொடுக்கவில்லை. கூரை வேய்ந்தவர் தன் 41 மாதத்தை அதற்கு முன்பே முடித்துவிட்டு மறுபடி பாலத்தின் மேல் நடந்து போய்விட்டார். அவருடைய பெண் இப்போது பெரியவள். இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பார்க்கும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். எனக்கு அவளை நேராகப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கும். என் மேல் தப்பு ஒன்றும் இல்லைதான், இருந்தாலும்.

புதிய முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய நீதிபதி ஆளை நேரில் பார்த்து, குற்றத்தின் தன்மையைப் பார்த்து, சிறை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுக்கு இப்போதாவது மதிப்பு இருக்கிறது. ஆனால் இது வழிகாட்டியில் மட்டும்தான். சட்டத்தில் உள்ள 20 அப்படியே இருக்கிறது. பழைய வழக்கு முப்பது ஆண்டுக்கு முந்தியதானாலும் உச்சவரம்பை ஏற்றிவிடும். வழிகாட்டியில்தான் 10 ஆண்டு, 15 ஆண்டு என்று காலக்கெடு வைத்து, அதைத் தாண்டிய பழைய தண்டனைகளை விட்டுவிடுகிறார்கள்.

இதில் என்னை உறுத்துகிற இன்னொரு விஷயம் உண்டு. உச்சவரம்பை 2-இலிருந்து 20-ஆக உயர்த்துகிற அந்தப் பழைய வழக்கைக் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டியதே இல்லை. ஜூரி முன் நிரூபிக்கவும் வேண்டாம். தண்டனை சொல்கிற கட்டத்தில் நீதிபதி பார்த்துக்கொள்வார். 1998-இல் அல்மெண்டரெஸ்-டோரஸ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அப்படித் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு விழுந்தது 85 மாதம், அதாவது 2 ஆண்டு வரம்பின் மூன்று மடங்குக்கும் மேல். அந்த ஐவரில் ஒருவரான நீதிபதி தாமஸே பிற்பாடு, அன்று தவறாகத் தீர்ப்பளித்துவிட்டோம் என்று எழுதினார். ஆனாலும் தீர்ப்பு இன்றுவரை ரத்தாகவில்லை. 2024-இல் எர்லிங்கர் வழக்கில்கூட அதைச் சுற்றிவளைத்து எல்லை போட்டார்களே தவிர எடுத்துவிடவில்லை. அதனால் எங்கள் மேல்முறையீட்டு மனுக்களில், 'இந்த வாதம் தற்போதைய தீர்ப்பினால் அடைபட்டிருப்பதை அறிவோம், எதிர்காலத்துக்காகப் பதிவு செய்கிறோம்' என்று ஒரு பத்தி தவறாமல் சேர்ப்போம். அதை இத்தனை ஆண்டில் நூற்றுக்கணக்கான முறை அடித்திருக்கிறேன். என்றாவது ஒரு நாள் அது யாருக்காவது பயன்படும் என்று நம்பித்தான் ஒவ்வொரு முறையும் அடிக்கிறேன்.

பழைய குற்றத்தை ஜூரியிடம் சொன்னால் அவர்கள் மனசு கெட்டுவிடும், சொல்லாமல் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கே நல்லது என்று எதிர்வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி இல்லாமலில்லை. அப்பா இருந்த காலத்தில் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நம் ஊரில் பழைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்பதானால், எந்த வழக்கு, எந்தத் தேதி, எந்த ஊர் கோர்ட் என்று குற்றச்சாட்டிலேயே எழுத வேண்டும். விட்டுப்போயிருந்தால் தண்டனை சொல்வதற்கு முன் சேர்க்க வேண்டும். செஷன்ஸ் வழக்கில் இப்போதைய குற்றம் முடிவான பிறகுதான் பழையதை எடுப்பார்கள். 'எழுதாத கணக்குக்கு எப்படிம்மா வட்டி கேக்கிறாங்க?' என்றார் அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம் மெக்சிகோக்காரர் கதை, நமக்கென்ன என்று உங்கள் வாசகர்கள் நினைத்துவிடக்கூடாது. கிரீன் கார்டு வாங்கிய நம் பிள்ளைகள் இங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கடையில் பொருள் எடுத்த சின்ன வழக்கு என்று நினைத்து, ஒரு வருஷம் நிறுத்திவைத்த தண்டனைக்கு ஒப்புக்கொண்டால், திருட்டுக் குற்றத்தில் 365 நாள் என்பது அந்த 'அக்ரவேட்டட் ஃபெலனி' பட்டியலுக்குள் தள்ளிவிடும். 364 நாள் என்றால் அந்தப் பட்டியலில் விழாது. இந்த ஒரு நாளுக்காகவே கலிஃபோர்னியா மாநிலம் 2015-லிருந்து சிறு குற்றங்களின் உச்சவரம்பை 364 நாளாக்கிவிட்டது. டெக்சாஸில் 'தீர்ப்பை ஒத்திவைக்கிறோம், ஒழுங்காக இருந்தால் தண்டனையே பதிவாகாது' என்று ஓர் ஏற்பாடு உண்டு. மாநிலச் சட்டப்படி அது தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டப்படி அதுவும் தண்டனை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, ஊரிலிருக்கும் பெற்றோர்கள் பிள்ளை ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டான் என்று தெரிந்தால், 'சீக்கிரம் முடிச்சிட்டு வா' என்று சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் கேட்டாயா என்று கேளுங்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் சின்னது. தடைக்காலமும் சிறைக்காலமும் வேறு வேறு என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அமிர்தசரஸில் இறங்கியவர்களில் வீட்டை அடமானம் வைத்து, தரகரிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பழைய வழக்கு எதுவும் இல்லாத ஒருவருடைய அம்மா உங்கள் செய்தியைக் கேள்விப்பட்டு, பையனுக்கு 20 ஆண்டு ஜெயில் என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. தரகர் வந்து, 'அதெல்லாம் சும்மா, திரும்பப் போனால் ஒன்றும் ஆகாது' என்று சொன்னாலும் அதுவும் பொய். 2 ஆண்டு என்பது சின்னக் காலம் இல்லை. அதை முடித்த பிறகு மறுபடி நாடு கடத்தலும், இன்னும் நீண்ட தடையும்தான். இனி இப்படி ஒரு செய்தி வரும்போது, பிடிபட்டவர் மேல் பழைய வழக்கு உண்டா, எந்த ஆண்டு, எத்தனை மாதத் தண்டனை என்ற மூன்றையும் உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால் போதும். அந்தத் தகவல் பெரும்பாலும் பொது ஆவணம்தான், கேட்டால் கிடைக்கும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு நான் மறுபடி அந்தப் பதிவறை ஜன்னலுக்குப் போக வேண்டும். 1999-ஆம் ஆண்டுக் கோப்பு ஒன்று. கிடங்கிலிருந்து வரவழைத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வாசகி,
எல் பாசோ, டெக்சாஸ்.
(வேலையின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)